ரோபோ வகுப்பு விளம்பரத்தில் சிப்பின் பெயரையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் ஞாயிறு விளம்பரப் பக்கங்களில் ரோபோட்டிக்ஸ் வகுப்பு விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஆறு வயதிலிருந்து சேரலாம், சான்றிதழ் உண்டு, முதல் மாதக் கட்டணத்தோடு கிட் தரப்படும் என்றெல்லாம் போடுகிறார்கள். அந்தக் கிட்டுக்குள் எந்த மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ரோபோவை இயக்கும் சிப், இருக்கிறது என்பதை மட்டும் ஒரு விளம்பரத்திலும் காணவில்லை.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வானொலி, தொலைக்காட்சி திருத்துகிறவன். ரூபவாஹினி அரச தொலைக்காட்சி வந்த 1982க்குப் பிறகு தொழிலில் இறங்கியவன். இப்போது தொலைக்காட்சி பழுதானால் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். திருத்த யாரும் கொண்டுவருவதில்லை. பதிலுக்கு என் மேசைக்கு வந்துசேர்வது பிள்ளைகளின் ரோபோ போர்டுகள்தான். கூடவே பெற்றோரின் கேள்வியும் வரும்: "எந்தப் போர்ட் வாங்கினால் நல்லது?" பதில் நீளமானது, கடை வாசலில் நின்று சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிட் விஷயம். அண்மையில் ஒரு பையன் தகப்பனோடு வந்தான். "அங்கிள், இடதுபக்கச் சில்லு சுத்துதில்லை" என்றான். நீல நிறப் பிளாஸ்டிக் கூடு. நான்கு திருகாணிகளில் இரண்டை ஸ்டிக்கரால் மறைத்து, கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். கழற்றினேன். உள்ளே இருந்த சிப்பின் முதுகில் இலக்கம் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் உப்புத்தாளால் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் தெரிந்தன. மோட்டர் செருகும் இடமோ கடையில் கிடைக்காத ஒரு வகைக் கனெக்டர். நிரல் ஏற்றுவதற்கும் வகுப்பு கொடுத்த கணக்கில் நுழைய வேண்டுமாம். மாதக் கட்டணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். வகுப்பில் விசாரித்தபோது, தனிப் பாகம் கிடையாது, முழுக் கிட்டையும் மறுபடி வாங்க வேண்டும் என்று சொன்னார்களாம். எரிந்துபோனது, சிப்பின் கட்டளைப்படி மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் விரல் நகமளவு மோட்டர் டிரைவர் ஐசி ஒன்றுதான். அதன் இலக்கம் தெரிந்திருந்தால் புறக்கோட்டைக் கடைகளில் வாங்கி அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருப்பேன்.

பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் பின்மூடியைக் கழற்றினால் உட்பக்கத்தில் சுற்று வரைபடம் ஒட்டியிருக்கும். பெரியவர்கள் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே அதைக் கொடுத்தார்கள். இலத்திரனியல் படிக்கவென்று பிள்ளைக்கு விற்கும் பெட்டியில் இலக்கத்தைச் சுரண்டி விற்கிறார்கள். இதற்கு என்ன நியாயம் சொல்வார்களோ தெரியாது.

சரி, எதைத்தான் வாங்குவது? மைக்ரோகன்ட்ரோலர் என்பது பாடப்புத்தகம் சொல்லும் நுண்கட்டுப்படுத்திதான். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியுலகத்தோடு பேசும் பின்கள் (கம்பி இணைக்கும் கால்கள்) எல்லாம் ஒரே சிப்பில் இருக்கும். மின்சாரம் கொடுத்த கணமே வேலையைத் தொடங்கிவிடும். சில பெற்றோர் ராஸ்பெர்ரி பை என்ற பெயரைக் கேட்டுப் பெரிய பையை வாங்கிவிடுகிறார்கள். அது லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். அதே நிறுவனம் 2021 ஜனவரியில் 4 டொலருக்கு வெளியிட்ட ராஸ்பெர்ரி பை பிக்கோதான் மைக்ரோகன்ட்ரோலர் போர்ட். கடைக்காரரிடம் "பிக்கோ" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஆனால் பெயரிலிருந்து தொடங்குவதே தலைகீழ் வேலை. ரோபோ என்ன செய்யப்போகிறது என்று ஒரு கடதாசியில் எழுதிப் பின்களைக் கூட்டுங்கள். கோடு பின்பற்றும் வண்டி ஒன்று என்று வையுங்கள். இரண்டு மோட்டர். டிரைவருக்கு மோட்டருக்கொன்றாக மூன்று கம்பி: திசைக்கு இரண்டு, வேகத்துக்கு ஒன்று. ஆக ஆறு. கோட்டைப் பார்க்க ஐந்து அனலொக் சென்சர் (உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் வகை போலன்றி எவ்வளவு என்று அளவு சொல்பவை). முன்னால் சுவர் வருகிறதா என்று பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சருக்கு இரண்டு பின். அதைத் திருப்பும் சர்வோவுக்கு (சொன்ன கோணத்தில் போய் நிற்கும் மோட்டர்) ஒன்று. மொத்தத்தில் ஒன்பது டிஜிட்டல், ஐந்து அனலொக். அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் 14 டிஜிட்டல் பின், 6 அனலொக் பின். 0, 1 என்ற இரண்டு பின்களும் யூஎஸ்பியோடு பேசுபவை, அவற்றை விட்டுவிடுங்கள். அப்படியும் இடம் மிஞ்சுகிறது. பிக்கோவில் வெளியே எடுத்துவிட்ட அனலொக் பின் மூன்றுதான்! வேகமும் நினைவகமும் ஊனோவைவிடப் பன்மடங்கு இருந்தும் இந்த வண்டிக்கு அது நேரடியாகப் பொருந்தாது. டிஜிட்டல் வகைச் சென்சர் போட வேண்டும், அல்லது வெளியே ஒரு ஏடிசி ஐசி (அனலொக் அளவை எண்ணாக மாற்றுவது) சேர்க்க வேண்டும். இதையெல்லாம் விளம்பரத்தின் மெகாஹேர்ட்ஸ் கணக்கு சொல்லாது.

மெகாஹேர்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிப்பின் கடிகாரம் செக்கனுக்கு எத்தனை பத்து இலட்சம் தடவை அடிக்கிறது என்ற கணக்கு அது. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி ஓடுவது 16 மெகாஹேர்ட்ஸில். ஈஎஸ்பி32 என்ற இன்னொரு சிப் ஓடுவது 240இல், அதுவும் இரட்டைக் கோர் (கணக்குப் போடும் பகுதி இரண்டு). கேட்டவுடன் யாருக்கும் பின்னதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அல்ட்ராசோனிக் சென்சர் அனுப்பும் ஒலி ஒரு சென்டிமீட்டர் தூரம் போய்த் திரும்ப ஏறத்தாழ 58 மைக்ரோசெக்கன் எடுக்கும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு 5.8 மில்லிசெக்கன். அதற்குள் ஊனோவின் கடிகாரம் தொண்ணூறாயிரம் தடவைக்கு மேல் அடித்துவிடும். சிப் எவ்வளவு வேகமானாலும் ஒலி தன் வேகத்தில்தான் வரும். கோட்டுச் சென்சர் ஐந்தையும் ஊனோ வாசித்து முடிக்க அரை மில்லிசெக்கனுக்குச் சற்றுக் கூடுதலாகும். செக்கனுக்கு அரை மீட்டர் ஓடும் வண்டி அந்த நேரத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகரும். பிள்ளையின் வண்டி கோட்டை விட்டு ஓடுகிறது என்றால் சிப் மெதுவானது என்பது காரணமில்லை. சென்சர் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், இல்லையென்றால் நிரலுக்குள் எங்கோ ஒரு டிலே (சற்றுக் காத்திரு என்ற கட்டளை) உட்கார்ந்திருக்கும்.

ஊனோவுக்குக் குறையே இல்லையென்று சொல்லவில்லை. அதன் ராம், அதாவது நிரல் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம், வெறும் 2 கிலோபைட். 128க்கு 64 புள்ளி ஓலெட் திரை ஒன்றை வழக்கமான லைப்ரரியோடு (ஆயத்த நிரல் தொகுப்பு) போட்டால் படத்துக்கே 1 கிலோபைட் போய்விடும். மீதியில் நிரல் நீளநீள வாக்கியங்களை வைத்துக்கொண்டால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகம் முட்டி, காரணமில்லாமல் பைத்தியம் பிடித்ததுபோல் நடக்கும். இன்னொரு வம்பும் உண்டு. போட்டிக்குத் தயாரான ஒரு பிள்ளை, சர்வோவைச் சேர்த்ததிலிருந்து ஒரு சில்லு முழு வேகத்தில் ஓடுகிறது அல்லது நிற்கிறது, நடுவேகம் வருவதில்லை என்று வந்தாள். புது மோட்டரும் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் மோட்டரின் வேகக் கம்பி 9ஆம் பின்னில் இருந்தது. ஊனோவில் சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் 9, 10 இரண்டிலும் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டர் வேகத்தை மாற்றும் முறை) நின்றுவிடும். கம்பியை 5ஆம் பின்னுக்கு மாற்றி, நிரலில் ஒரு எண்ணைத் திருத்தினோம். வேலை முடிந்தது. இப்படிப்பட்ட விவரம் ஊனோவுக்குத் தேடினால் கிடைக்கும், ஏனென்றால் 2010இலிருந்து உலகம் முழுக்க மாணவர்கள் அதே தடுக்கலில் தடுக்கி விழுந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இலக்கம் சுரண்டிய நீலப் பெட்டிக்கு யார் எழுதி வைத்திருப்பார்கள்?

கைபேசியிலிருந்து வண்டியை ஓட்ட வேண்டும் என்றால் கதை வேறு. அதற்கு ஷாங்காயிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 நல்லது. வைஃபையும் புளூடூத்தும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஊனோவுக்குத் தனியாகப் புளூடூத் மொடியூல் வாங்கிச் சேர்ப்பதைவிட இது சுலபம். ஆனால் ஈஎஸ்பி32வும் பிக்கோவும் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எச்சி-எஸ்ஆர்04 (HC-SR04) அல்ட்ராசோனிக் சென்சரோ 5 வோல்ட் சாமான்; அதன் எக்கோ பின்னிலிருந்து வருவதும் 5 வோல்ட். ஊனோவோடு நேரே இணைக்கலாம். மற்ற இரண்டோடும் நேரே இணைத்தால் இன்று ஓடும், நாளைக்கும் ஓடும், ஒரு நாள் அந்தப் பின் செத்துப்போகும். இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு 3.3 அளவுக்கு இறக்க வேண்டும். சில ரூபாய்ச் செலவுதான். கிட்டோடு வரும் படத்தில் மட்டும் அது இருப்பதில்லை.

ஈஎஸ்பி32வின் பின்களிலும் சாதி வேறுபாடு உண்டு. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும். மோட்டரை அதில் மாட்டிவிட்டு ஓடவில்லையே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 6 முதல் 11 வரை உள்ளேயிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குரியவை, கையே வைக்காதீர்கள். 12ஆம் பின்னில் தொடக்கத்தில் வோல்ட் ஏறியிருந்தால் போர்ட் உயிர்பெறாமல் போகலாம். அனலொக் பின்களில் ஒரு பாதி வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. பத்து வயதுப் பிள்ளையின் முதல் போர்ட்டாக இதை நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது போர்ட்டாக வாங்கட்டும். உயர்தரத்தில் ஐசிடி எடுத்துப் பைதான் என்ற நிரல் மொழி படிக்கும் பிள்ளை என்றால் பிக்கோவில் மைக்ரோபைதான் போட்டுக் கொடுங்கள், வகுப்பில் படித்ததையே சில்லில் ஓட்டிப் பார்க்கும்.

இனி, என் மேசைக்கு வரும் போர்டுகளில் பெரும்பாலானவை வருவதற்கான உண்மைக் காரணம். "சிப் அடிக்கடி ரீசெட் ஆகிறது, பெரிய சிப் வாங்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வண்டியைப் பார்த்தால் சதுரமான 9 வோல்ட் பற்றறி ஒன்று கறுப்பு நாடாவால் கட்டப்பட்டிருக்கும். புகை உணரிக்கும் மல்டிமீட்டருக்கும் செய்த பற்றறி அது. மஞ்சள் கியர் மோட்டர் ஒன்று சில்லு தடைப்பட்டு நின்றாலே ஏறத்தாழ ஒரு ஆம்பியர் கேட்கும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மோட்டர் கிளம்பும்போது வோல்ட் சரிகிறது, சிப் அணைந்து மறுபடி எழும்புகிறது, வண்டி துள்ளித்துள்ளி நிற்கிறது. இந்த வண்டியில் எந்தச் சிப்பை வைத்தாலும் இதுதான் நடக்கும். ஈஎஸ்பி32வை வைத்தால் வைஃபை அலை அனுப்பும்போது அது தன் பங்குக்கும் இழுத்து இன்னும் மோசமாகும்.

அடுத்தது டிரைவர். சிவப்பு நிறத்தில் பெரிய அலுமினியத் தகடோடு வரும் எல்298என் போர்டைத்தான் எல்லாரும் விற்கிறார்கள். பழைய வகைத் திரான்சிஸ்டர் வடிவமைப்பு. அதற்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ட் சூடாகிப் போய்விடும். நான்கு பென்சில் பற்றறி போட்டு 6 வோல்ட் கொடுத்தால் மோட்டருக்குக் கிடைப்பது 4. டிபி6612 என்ற சிறிய டிரைவரில் இந்த இழப்பு மிகக் குறைவு. சிறிய மோட்டர் வண்டிக்கு அதுவே போதும். மோட்டருக்கு வேறு பற்றறி, சிப்புக்கு வேறு பற்றறி, இரண்டின் கறுப்புக் கம்பியையும் ஒன்றாக இணைப்பது, மோட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 நானோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றைச் சோல்டர் பண்ணுவது — இவ்வளவையும் செய்தபின் சிப் போதவில்லை என்று சொன்ன பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய மடிக்கணினிப் பற்றறியிலிருந்து கழற்றிய லிதியம் கலங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். குறுக்கே கம்பி பட்டால் தீப்பிடிக்கும். அதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஊனோ என்று கேட்டால் இரண்டு வகை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்றில் சிப் சதுரமாக, சிறிதாக, போர்ட்டோடு ஒட்டியிருக்கும். மற்றதில் நீளமான 28 கால் சிப் ஒன்று சோக்கட்டில் உட்கார்ந்திருக்கும். நீளச் சிப் உள்ளதை வாங்குங்கள். மோட்டரை டிரைவர் இல்லாமல் நேரே பின்னில் மாட்டுவது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் வேலை. ஒரு பின் 20 மில்லிஆம்பியர் கொடுத்தால் நல்லது, 40 அதன் உச்சம். மோட்டர் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சிப் போனால் தட்டை ஸ்குரூடிரைவரை இரு பக்கமும் மாறி மாறிக் கொடுத்து மெல்ல நெம்பினால் கழன்று வரும். புதுச் சிப்பைப் பள்ளம் இருக்கும் பக்கம் பார்த்து அமர்த்தினால் சரி. வாங்கும்போது பூட்லோடர் (யூஎஸ்பி வழியாக வரும் நிரலை உள்ளே எடுக்கும் சிறு நிரல்) ஏற்றியதா என்று கேளுங்கள். ஏற்றாதது என்றாலும் இன்னொரு ஊனோவைக் கொண்டே ஏற்றிவிடலாம். ஒட்டிய சிப் போனால் முழுப் போர்டும் போனதுதான்.

இத்தாலியப் போர்ட் வேண்டும், சீனப் போர்ட் வேண்டாம் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். அர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. வரைபடத்தை எல்லாருக்கும் திறந்தே வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் போர்ட் செய்வது களவல்ல. பெயரையும் சின்னத்தையும் போட்டு ஏமாற்றுவதுதான் களவு. வசதியிருந்தால் அசலை வாங்குங்கள், அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் பணம் போகட்டும். வசதியில்லையென்றால் கூச்சப்படத் தேவையில்லை. மலிவுப் போர்டுகளில் யூஎஸ்பிக்கு சிஎச்340 என்ற ஐசி இருக்கும். கணினி அடையாளம் காணாவிட்டால் அதற்கான டிரைவர் மென்பொருளைப் போட்டால் போதும். அர்டுயினோவின் சிறிய போர்டான நானோ வகையில் நிரல் ஏறவில்லையென்றால் மெனுவில் பழைய பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். போர்ட் பழுது என்று என்னிடம் கொண்டுவரப்படும் நானோக்களில் பல இந்த ஒரு சொடுக்கில் பிழைத்திருக்கின்றன. அதற்குக் காசு வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

விலையைப் பற்றி எழுதினால் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். 2022இல் ரூபாய் விழுந்தபோது பழைய போர்டுகளிலிருந்து ஐசி கழற்றிப் பிழைத்தோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இந்த நாட்டில் ஒரு சாமானைத் தேர்வு செய்வதென்றால், அது எரிந்த மறுநாள் புறக்கோட்டையில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ரோபோ போட்டிக்குப் போகும் பாடசாலைப் பிள்ளைக்கு, முதல்நாள் இரவு சிப் போனால் வெளிநாட்டிலிருந்து பொதி வரும்வரை காத்திருக்க முடியாது.

ஆகவே வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு வரிதான். போர்ட்டில் இருக்கும் சிப்பும் மோட்டர் டிரைவரும் எவை, எத்தனை வோல்ட் என்று ஒரு வரி. வகுப்பை விட்டு விலகினாலும் அந்தப் போர்டில் பிள்ளை தானாக நிரல் ஏற்ற முடியுமா என்று இன்னொரு வரி. விளம்பரக் கட்டணம் வரிக்கணக்கில் என்பது எனக்குத் தெரியும். "வருங்கால விஞ்ஞானிகளை உருவாக்குகிறோம்" என்ற வரியை எடுத்தால் இடம் கிடைக்கும். அந்த இரண்டு வரியும் இல்லாத விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுமுன், பெற்றோர் தொலைபேசியில் அதையே கேட்கட்டும்.

இப்படிக்கு,
வானொலி, தொலைக்காட்சி திருத்துநர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.